யாரும் அறையாத கன்னம்

அத்தியாயம் பதினொன்று

இன்னும் ஐந்தே நாள். அது கடந்துவிட்டால் பன்னிரண்டு வாரம் முடிந்துவிடும். அதற்கப்புறம் வாய் திறந்து சொல்லிக்கொள்ளலாம் என்று அவளும் அவள் கணவனும் பேசி வைத்திருந்தார்கள். இரண்டு வருடத்தில் இரண்டு முறை தங்கி, தங்கிய வேகத்திலேயே கலைந்துபோன பிறகு, இந்த மூன்றாவதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்பது முடிவு.

முக்கியமாக அண்ணியிடம்.

அண்ணி என்றால் கணவனுக்கு அக்கா. ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று மைக்கில் சொல்கிற அதே சிரத்தையோடு வீட்டு விஷயத்தையும் சொல்லிவிடுவாள். போன தடவை காலையில் தெரிந்த சேதிக்கு அன்று சாயங்காலத்துக்குள் பதினொரு பேர் போனில் வாழ்த்தினார்கள். மூன்று வாரம் கழித்து அதே பதினொரு பேரும் துக்கம் கேட்டார்கள். எப்படி ஆச்சு, எப்போ ஆச்சு என்று ஒவ்வொருவரும் கேட்க, பதினொரு முறை அவள் பதில் சொன்னாள்.

அண்ணியின் கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். அவர் கரை திரும்பும் வரை அண்ணியும் ஐந்து வயது மகளும் இந்த வீட்டின் பின்னறையில்தான். மகளுக்கு வீட்டில் பெயர் பொடிசு.

அந்தப் பொடிசு நேற்று சாயங்காலம் செய்த காரியம்தான் இன்றைய காலையில் வந்து நின்றது.

பொடிசின் அத்தையான அவள், குழந்தைகளுக்கு முடி வெட்டும் கடையில் வேலை செய்பவள். நேற்று அவள் கைப்பையைத் திறந்து, தொழில் கத்தரிக்கோலை எடுத்து, கண்ணாடி முன் நின்று, பொடிசு தன் நெற்றி முடியை ஒரு பக்கமாகக் கத்தரித்துக்கொண்டாள். கண்ணுக்கு ஒரு விரல் தூரத்தில் கத்தரி முனை. பார்த்ததும் அவளுக்கு உயிரே போய்விட்டது. கத்தினாள். இதுவரை அந்த வீட்டில் யாரும் கேட்டிராத சத்தம். பொடிசு விசித்து விசித்து அழுதபடியே தூங்கிப்போனாள். வேலை முடிந்து வந்த அண்ணி, இருட்டில் போர்வையைச் சரிசெய்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

காலையில் வெளிச்சத்தில் பார்த்தபோது, குழந்தையின் இரண்டு கன்னமும் செக்கச்செவேலென்று இருந்தன. யாரோ ஓங்கி அறைந்த மாதிரி.

"என்னடி இது கன்னம்?" என்றாள் அண்ணி.

"அத்தை திட்டினாங்க," என்றாள் பொடிசு.

அண்ணி அடுத்த கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பால் டம்ளரை மேஜை மேல் சற்று அழுத்தி வைத்தாள். வெட்டுப்பட்ட முடியைப் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது.

"அண்ணி, நேத்து என்ன நடந்ததுன்னா…"

"தெரியுது."

"கத்தரியை எடுத்துட்டா. பயத்துல கத்திட்டேன். அவ்வளவுதான்."

"கத்தினா கன்னம் சிவக்குமா?"

அவள் கணவன் பனியனோடு பல் விளக்கியபடி வந்து, இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனான். லிஃப்ட் மெக்கானிக். எத்தனையோ மாடி உயரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குபவனுக்கு அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவில் நிற்க மட்டும் தைரியம் கிடையாது.

"டாக்டர்கிட்ட காட்டிட்டு வரேன்," என்றாள் அண்ணி. இன்று அவளுக்கு விடுமுறை. "அவர் பார்த்துச் சொல்லட்டும், எதனாலன்னு."

அந்த 'எதனால'வைச் சுமந்துகொண்டு அவள் வேலைக்குப் போனாள்.

கடை இரண்டு தெரு தள்ளி. கார் வடிவத்தில் ஒரு நாற்காலி, விமான வடிவத்தில் ஒன்று. முதலில் வந்த இரட்டையர் இருவருக்கும் காரே வேண்டும். ஒருவனை ஏமாற்றி விமானத்தில் ஏற்றுவதற்குள் அரை மணி போயிற்று. ஒரு வாரமாக அவளுக்கு விரல் மூட்டுகளில் வலி. காலையில் கத்தரி வளையத்துக்குள் கட்டைவிரல் நுழையவே மறுத்தது. வேலை அதிகம் என்று நினைத்து வெந்நீரில் கையை வைத்து எடுத்தாள்.

பதினொரு மணிக்கு அண்ணி வந்தாள். பொடிசு ஓடிப்போய் விமானத்தில் ஏறிக்கொண்டாள்.

அண்ணி நேராக மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. கடையைச் சுற்றிப் பார்த்தாள். ஷாம்பு பாட்டிலை எடுத்து விலை படித்தாள். பிறகு, "இவ முடியைக் கொஞ்சம் சரி பண்ணி விடேன். எலி கடிச்ச மாதிரி இருக்கு," என்றாள்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"யாரும் அறையலையாம்." ஷாம்பு பாட்டிலைப் பார்த்துத்தான் சொன்னாள். "ஒரு வைரஸாம். சின்னப் பிள்ளைங்களுக்குச் சகஜமா வர்றதுதானாம். கன்னம் இப்படித்தான் சிவக்குமாம். அறைஞ்ச கன்னம்னே அதுக்குப் பேர் வெச்சிருக்காங்களாம். நான் ஒரு நிமிஷம் வேற மாதிரி நினைச்சுட்டேன்."

"ஒரு நிமிஷமா, அண்ணி?"

"சரி, ரெண்டு மணி நேரம்."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த கல் இறங்கின மாதிரி இருந்தது அவளுக்கு. பொடிசின் கழுத்தில் துணியைச் சுற்றி, முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, மூச்சு படுகிற தூரத்தில் குனிந்து, நெற்றி முடியைச் சீப்பால் இழுத்துப் பார்த்தாள்.

"பயப்பட ஒண்ணுமில்லையாம். மருந்துகூட வேண்டாம், தானாப் போயிடும்," அண்ணி சொல்லிக்கொண்டே போனாள். "கன்னம் சிவந்தப்புறம் யாருக்கும் ஒட்டாதாம். அதுக்கு முன்னாடி சளி பிடிச்சிருந்துச்சு பாரு, அப்பதான் ஒட்டுமாம். பள்ளிக்கூடத்துக்குக்கூட அனுப்பலாம்னார். ஒண்ணே ஒண்ணு கேட்டார், வீட்டுல கர்ப்பமா யாராவது இருக்காங்களான்னு. இல்லைன்னுட்டேன்."

கத்தரி நின்றது.

"ஏன் அத்தை நிறுத்திட்டீங்க?" என்றாள் பொடிசு.

"ஒண்ணுமில்லடா. கையில வலி."

மீதி முடியை எப்படி வெட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. பொடிசுக்குச் சளி பிடித்து இரண்டு வாரத்துக்கும் மேலே ஆகிறது. அண்ணிக்கு அப்போது நான்கு நாள் இரவு வேலை. நான்கு ராத்திரியும் குழந்தை அவள் கையை மடக்கித் தலையணையாக வைத்துக்கொண்டு, அவள் முகத்திலேயே தும்மிக்கொண்டு தூங்கினாள். ஒரே டம்ளரில் இருவரும் தண்ணீர் குடித்தார்கள். பாதி கடித்த பிஸ்கட்டை அவள் வாயில் திணித்துவிட்டுச் சிரித்தாள் பொடிசு.

அவர்கள் போனதும் கணவனுக்குப் போன் செய்தாள். எட்டு முறை. லிஃப்ட் குழிக்குள் இறங்கினால் போனைக் கருவிப் பையில் போட்டு மேலேயே வைத்துவிடுவான். கடைக்காரரிடம் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு, தனியாகவே மகப்பேறு மருத்துவமனைக்குக் கிளம்பினாள். வயிறு என்று சொன்னதற்கு வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

காத்திருக்கும் அறையில் உட்கார முடியவில்லை. எழுந்து தண்ணீர் குடித்தாள், சுவரிலிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்தாள், உட்கார்ந்தாள், மறுபடி அதே அட்டவணையைப் படித்தாள். நர்ஸ் இரண்டு முறை நிமிர்ந்து பார்த்து, மூன்றாவது முறை முன்னதாகவே உள்ளே அனுப்பிவிட்டார்.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "மூட்டு வலி ஏதாவது?" என்றார்.

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். "ஒரு வாரமா இருக்கு. கத்தரி பிடிக்கிறதாலன்னு நினைச்சேன்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"இப்பவே எதுவும் முடிவு பண்ண வேண்டாம். பெரியவங்கள்ல பாதிப் பேருக்குச் சின்ன வயசுலயே இது வந்து போயிருக்கும். அவங்களுக்குத் திரும்ப வராது. ரத்தத்துல பழைய தடயம் மட்டும் இருந்தா நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போகலாம். புதுத் தடயம் இருந்தா, இப்பதான் வந்திருக்குன்னு அர்த்தம்."

"வந்திருந்தா?"

"வந்திருந்தாக்கூட நிறையக் குழந்தைங்க நல்லபடியாத்தான் பிறக்குது. ஆனா மறைக்க மாட்டேன். இந்த மாதிரி ஆரம்ப வாரங்கள்ல சிலது தங்காமப் போகலாம். சில குழந்தைக்கு உள்ளேயே ரத்தம் குறையும். அதை ஸ்கேன்ல பிடிச்சுட்டா, தொப்புள்கொடி வழியா ரத்தம் ஏத்த வழி இருக்கு."

"தடுக்க மருந்து?"

"இல்ல. கவனிக்கிறது ஒண்ணுதான்."

ரத்தம் எடுத்தார்கள். ஆறு மணிக்குள் முடிவு தெரியும் என்றார்கள். பிறகு டாக்டர், அவள் கேட்காமலே, ஸ்கேன் அறைக்கு அழைத்துப் போனார். திரையில் சாம்பல் நிறத்துக்கு நடுவில் ஒரு புள்ளி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"துடிப்பு இன்னைக்கு நல்லா இருக்கு," என்றார் டாக்டர்.

ஆறுதலாகச் சொன்னதுதான். அந்த 'இன்னைக்கு' மட்டும் அவள் காதில் தங்கிவிட்டது.

எட்டு அழைப்பையும் பார்த்துத் திரும்பக் கூப்பிட்டுவிட்டு அவன் வந்தபோது மணி மூன்று. முழங்கை வரை கிரீஸ். வரவேற்பறை நாற்காலியில் உட்காரக் கூச்சப்பட்டு நின்றுகொண்டே கேட்டான். அவள் சொல்லி முடித்ததும் வெளியே போனான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனை எடுப்பது தெரிந்தது. யாரை அழைக்கிறான் என்பதும் தெரிந்தது. அவள் எழுந்து ஓடுவதற்குள் பாதி பேசிவிட்டான்.

"…பதினொரு வாரம் அக்கா. பொத்திப் பொத்தி வெச்சிருந்தோம். உன் பிள்ளை சளியோட இருந்தப்ப எங்க ரூம்ல ஏன் படுக்க விட்டே? டாக்டர் கேட்டப்ப இல்லைன்னு சொன்னியாமே. எதையும் ஊருக்கே சொல்ற வாய், நமக்குத் தேவைப்படறப்ப மட்டும்…"

அவள் போனைப் பிடுங்கினாள். அந்தப் பக்கம் இணைப்பு ஏற்கெனவே போயிருந்தது.

"ஏங்க, அவங்களுக்குத் தெரியாதே. நாமதானே மறைச்சோம்."

"எனக்கு யார்கிட்ட கோபப்படறதுன்னு தெரியல," என்றான். கிரீஸ் கையால் முகத்தைத் துடைக்கப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டான். "வைரஸ்கிட்டயா கோபப்பட முடியும்?"

வீட்டுக்கு வந்தபோது பின்னறையில் பெட்டி திறந்து கிடந்தது. அண்ணி துணிகளை மடிக்காமல் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். பொடிசு கட்டில் மேல் உட்கார்ந்து, பெட்டிக்குள் போவதையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள்.

"தோழி ஒருத்தி வீடு காலியா இருக்கு. போயிடறோம்," என்றாள் அண்ணி, திரும்பாமலே.

"எதுக்கு?"

"எதுக்கா? என் பிள்ளையால உனக்கு…" அதற்கு மேல் வரவில்லை.

"இப்ப அவகிட்டேர்ந்து ஒட்டாதுன்னு நீங்கதானே காலையில சொன்னீங்க. இப்ப போயி என்ன பிரயோஜனம்?"

அண்ணி திரும்பினாள். கண் சிவந்திருந்தது, ஆனால் குரலில் கோபம்தான் இருந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. பதினொரு வாரம் ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, ஒரே சமையலறையில நின்னுக்கிட்டு, என்கிட்ட மறைச்சிருக்கே. தெரிஞ்சிருந்தா அந்தச் சளிப் பிள்ளையை உன் பக்கத்துல விட்டிருப்பேனா? டாக்டர் கேட்டப்ப இல்லைன்னு சொல்லியிருப்பேனா?"

"சொல்லியிருப்பேன் அண்ணி. போன தடவை சொன்னேனே."

அண்ணி கையிலிருந்த துணியைக் கட்டில் மேல் போட்டாள்.

"அந்தப் பதினொரு பேர் திரும்ப போன் பண்ணினப்ப, நீங்க ரயில் நிலையத்துல இருந்தீங்க. நான்தான் எடுத்தேன். ஒருத்தங்க, எந்த மருத்துவமனைன்னு கேட்டாங்க. ஒருத்தங்க, கனமா ஏதாவது தூக்கினியான்னு கேட்டாங்க. அதை இன்னொரு தடவை என்னால முடியாது. உங்க மேல கோபமில்ல. பயம்தான்."

அண்ணி பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். மூடியின் ஒரு பக்கம் நசுங்கியது. "சந்தோஷத்துலதான் சொன்னேன்," என்றாள் வெகு மெதுவாக. "நீ போனை எடுத்தேன்னு எனக்கு இதுவரைக்கும் தெரியாது."

"தெரியாதுன்னு தெரியும். நானும் சொல்லலை."

வாசலில் நின்ற அவன், "அக்கா, போன்ல நான் பேசினது…" என்று ஆரம்பித்தான்.

"நீ சும்மா இரு," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

ஆறு மணி. ஆறே கால். போன் மேஜை மேல் கிடந்தது. மூன்று பேரும் அதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் சொட்டாத குழாயை இறுக்கப் போனான். அண்ணி ஏற்கெனவே துடைத்த அடுப்பைத் துடைத்தாள். அவள் ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடந்தாள்.

ஆறு இருபத்தைந்துக்கு அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"பழைய தடயம் இல்ல," என்றார் டாக்டர். "புதுசு இருக்கு. உங்க மூட்டு வலியையும் சேர்த்துப் பார்த்தா, ரெண்டு மூணு வாரத்துக்குள்ள வந்திருக்கு. நீங்க இன்னும் யாருக்காவது ஒட்டவைப்பீங்களோன்னு கவலை வேண்டாம், அந்தக் கட்டம் தாண்டியாச்சு. வாரம் ஒருமுறை வந்து துடிப்பைப் பார்த்துக்கலாம். பதினாறாவது வாரத்துலேர்ந்து ரத்த ஓட்டத்தையும் பார்ப்போம். ரத்தக் கசிவோ வலியோ இருந்தா உடனே வாங்க. மத்தபடி வேலைக்குப் போங்க, சாப்பிடுங்க, தூங்குங்க. மத்தியானம் பார்த்த துடிப்பு நிஜம்தான், அதை மறந்துடாதீங்க."

போன் அணைந்தது. அவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். கிரீஸ் பட்டது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

"வாரா வாரம் நான் கூட வரேன்," என்றாள் அண்ணி. "இவன் குழிக்குள்ள இருப்பான், போன்கூட எடுக்க மாட்டான். நான் வேலை நேரத்தை மாத்திக்கறேன். யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். எங்கம்மா கேட்டாக்கூட."

பொடிசு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். மெல்ல வந்து அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தை, உங்க வயித்துக்குள்ள பாப்பா இருக்கா?"

"இருக்குடா."

"எங்க டீச்சர் வயித்துலயும் இருக்கு. பெரிய பாப்பா. நான் மடியில படுத்து காது வெச்சுக் கேட்டேனே."

அவளும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"எப்ப கேட்டே?"

"சளி வந்தப்ப. தூக்கம் வருதுன்னு சொன்னேன். மடியில போட்டுக்கிட்டாங்க."

"ஆறாவது மாசம் அவங்களுக்கு," என்றாள் அண்ணி. முகம் வெளுத்திருந்தது. "வகுப்புல இன்னும் எத்தனை பிள்ளைக்கு வந்துச்சோ. அவங்களுக்குச் சொன்னாங்களோ இல்லையோ."

"நாம சொல்லணும்."

"நானா? நான் வாயைத் திறந்தாலே ஏதாவது ஆகுது. முதல் பிரசவம் வேற. தேவையில்லாமப் பயமுறுத்திட்டா?"

"எனக்குப் பதினொரு வாரம், டாக்டர் இவ்வளவு சொல்றார். அவங்களுக்கும் தெரிய வேண்டாமா? இப்ப திறக்கலேன்னாதான் தப்பு அண்ணி."

அண்ணி பள்ளிக்கூட டைரியிலிருந்து எண்ணை எடுத்தாள். தினமும் ஆயிரம் பேருக்குத் தடுமாறாமல் பேசுகிற குரல், ஒரே ஒருத்திக்குப் பேச முடியாமல் இரண்டு முறை நின்றது. சொன்னாள். கன்னம் சிவந்ததை, டாக்டர் கேட்டதை, கர்ப்பமாக இருப்பவர்கள் ரத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை. அந்தப் பக்கம் முதலில் சிரிப்புக் கேட்டது, பொடிசைப் பற்றி ஏதோ விசாரிப்பு. பிறகு சிரிப்பு நின்று, குரல் தாழ்ந்து ஏதோ சொன்னது.

"என்ன சொல்றாங்க?" என்றான் அவன்.

அண்ணி போனின் வாயைப் பொத்திக்கொண்டாள். "ரெண்டு நாளா வயித்துல அசைவு கம்மியா இருக்காம். பிள்ளைங்க பின்னாடி ஓடின அசதின்னு நினைச்சாங்களாம். வீட்டுக்காரர் வெளியூர்ல. தனியா இருக்காங்க."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். "காலையில வரைக்கும் காத்திருக்க வேண்டாம்னு சொல்லுங்க. நாம வந்து கூட்டிட்டுப் போறோம்னு சொல்லுங்க."

"நீ எதுக்கும்மா? உன் நிலைமையில…"

"வேலைக்கே போகலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். கார்ல உட்கார மாட்டேனா?"

பொடிசை அவனிடம் விட்டுவிட்டு இருவரும் இறங்கினார்கள். வாடகைக் காரில் ஏறியதும் அவள் டாக்டருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். நேராக அவசரப் பிரிவுக்கு வரச் சொன்னார் டாக்டர்.

டீச்சர் தெருமுனையிலேயே நின்றிருந்தாள். சின்னப் பெண். இருபத்தைந்து இருக்கும். தோளில் பை, கையில் மருத்துவக் கோப்பு, முகத்தில் பிள்ளைகளுக்காகப் பழகிய சிரிப்பு. பின் இருக்கையில் அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டு, "ஒண்ணும் இருக்காது இல்லையா? உங்களைத்தான் அலைய விடறேன்," என்றாள்.

முன்னால் இருந்த அண்ணி திரும்பினாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்து, உதட்டை மடித்துக்கொண்டாள்.

அவளே சொன்னாள். "எனக்கும் இதேதான். இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. பதினொரு வாரம்."

யாருக்கும் சொல்வதில்லை என்று வைத்திருந்த வார்த்தையை, இதற்கு முன் ஒரு தடவைகூடப் பார்த்திராத ஒருத்தியிடம் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு பயம் குறையவில்லை. ஆனால் அதை வைத்துக்கொள்ள இன்னொரு ஆள் பக்கத்தில் இருந்தாள்.

டீச்சரின் சிரிப்பு போய்விட்டது. கை நகர்ந்து வந்து அவள் கையைப் பிடித்தது. விரல் மூட்டு வலித்தது. அவள் கையை எடுக்கவில்லை.

சிக்னலில் கார் நின்றது. டிரைவர் ரேடியோவைப் போடக் கை நீட்டினார். வேண்டாம் என்று தலையசைத்தாள் அண்ணி. டீச்சர் மறு கையைத் தன் வயிற்றின் மேல் விரித்து வைத்து, கண்ணை மூடி, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, கவனித்துக்கொண்டிருந்தாள்.